டிஎம்பி102 வெப்பநிலை சென்சார்: பேட்டரியும் தீராமல், அலாரமும் தவறாமல்

அம்மாவின் இன்சுலின் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவே விடக்கூடாது. கரண்ட் போனாலும் காவல் காக்கிற ஒரு பேட்டரி அலாரம் வேண்டும் என்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்பி102 சிப்பை எடுத்தேன். அதன் மின்சேமிப்பையும் எச்சரிக்கையையும் எப்படிச் சேர்த்து அமைப்பது என்பதுதான் இந்தப் பதிவு. அர்டுயினோவில் ஐ2சி (இரண்டு வயரில் சிப்போடு பேசும் முறை) சாதனம் ஒன்றையாவது ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வயரிங்

சிப்புக்கு 1.4 முதல் 3.6 வோல்ட் வரைதான் கொடுக்கலாம். அதனால் 5 வோல்ட் ஊனோ வேண்டாம், 3.3 வோல்ட் புரோ மினியே போதும். ஏடிடி0 காலைக் கிரவுண்டில் இணைத்தால் முகவரி 72 (ஹெக்ஸில் 48), பாசிட்டிவில் இணைத்தால் 73. எச்சரிக்கை தரும் அலர்ட் கால் ஓப்பன்-டிரெய்ன் வகை, அதாவது தாழ்நிலைக்கு (லோ) இழுக்கும், உயர்நிலைக்கு (ஹை) தானே தள்ளாது; 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாமல் அது வேலை செய்யாது.

போர்டில் பவர் எல்இடி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். சிப் மைக்ரோஆம்பியரில் சிக்கனம் பிடிக்கும்போது அந்த விளக்கு ஒன்றே மில்லிஆம்பியர் கணக்கில் குடிக்கும்.

படி 2: மின்சேமிப்பு

ஒரு தடவை அளக்க சிப்புக்கு ஏறக்குறைய 26 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்தில் சுமார் 40 மைக்ரோஆம்பியர் இழுக்கும், இடைவேளையில் 2.2 தான். தொடக்க அமைப்பில் விநாடிக்கு 4 முறை அளக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு எதற்கு அவ்வளவு அவசரம்? 4 விநாடிக்கு ஒரு முறை என்று குறைத்தால் சராசரி 2.5 மைக்ரோஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும்.

ஷட்டவுன் முறையில் 1 மைக்ரோஆம்பியருக்கும் குறைவுதானே, அதையே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஷட்டவுனில் சிப் தானாக அளக்காது. அளக்காத சிப் எச்சரிக்கவும் செய்யாது. மணிக்கொரு முறை பதிவு மட்டும் வேண்டும் என்றால் அது நல்ல வழி: கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரின் (சிப்பின் அமைப்புகளை வைக்கும் இடம், எண் 1) முதல் பைட்டில் 1110 0001 எழுதி, 35 மில்லிசெகண்ட் விட்டு, வெப்பநிலையைப் படித்தால் சரி. அலாரத்துக்கு அது ஒத்துவராது.

படி 3: வரம்புகள்

ரெஜிஸ்டர் 3 மேல் வரம்பு, ரெஜிஸ்டர் 2 கீழ் வரம்பு. மதிப்பு 12 பிட், இடப்பக்கம் ஒட்டி உட்காரும். அதனால் மேல் பைட்டில் முழு டிகிரியை அப்படியே எழுதலாம்: 7 டிகிரிக்கு மேல் பைட் 7, கீழ் பைட் 0. அரை டிகிரி கூட்ட, கீழ் பைட்டில் 128. மேல் பைட்டைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

சிப்பின் பிழை வழக்கமாக அரை டிகிரி, மோசமான நிலையில் 2 டிகிரி வரை போகலாம். அதனால் 8-ஐ அப்படியே வைக்காமல் நான் 7 வைத்திருக்கிறேன். ஒரு நல்ல தெர்மாமீட்டரோடு கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: கீழ் வரம்பு என்றால் என்ன?

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மேல் வரம்பு 7, கீழ் வரம்பு 3 என்று வைத்தால் 3-க்குக் கீழே போகும்போதும் அலாரம் அடிக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அடிக்காது. கம்பேரட்டர் முறையில் (நாம் இங்கே வைப்பது அதுதான்) 7-ஐத் தொட்டதும் அலர்ட் தொடங்கும், கீழ் வரம்புக்குக் கீழே இறங்கியதும் அணையும். கீழ் வரம்பின் வேலை அவ்வளவுதான். இன்சுலின் உறைந்துகொண்டிருந்தாலும் சிப் அமைதியாகவே இருக்கும்.

இதற்கு இரண்டாவது சிப் ஒன்றைச் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த தீர்வு.

முதல் சிப் (72) சூட்டுக்கு: மேல் வரம்பு 7, கீழ் வரம்பு 6. கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரின் (எண் 1) முதல் பைட் 0111 0000, இரண்டாவது முழுக்கப் பூஜ்யம் (படி 2-இல் சொன்ன 4 விநாடிக்கு ஒரு முறை என்பது இதில்தான் அமைகிறது). இதில் 4 அளவுகள் தொடர்ந்து வரம்பைத் தாண்டினால்தான் எச்சரிக்கும். கதவைத் திறந்து மூடினதற்கெல்லாம் கத்தாது.

இரண்டாவது சிப் (73) குளிருக்கு: மேல் வரம்பு 4, கீழ் வரம்பு 3, முதல் பைட் 0111 0100, இரண்டாவது முன்போலவே பூஜ்யம். அந்தக் கூடுதல் 1 போலாரிட்டி பிட், அதாவது அலர்ட் காலின் நிலையைத் தலைகீழாக்கும். 4-க்கு மேலே இருக்கும்வரை கால் உயரத்தில் நிற்கும், 3-க்குக் கீழே போனால் தாழும்.

இப்போது இரண்டு சிப்பிலும் பிரச்சினை என்றால் கால் தாழும். இரண்டையும் ஒரே வயரில், ஒரே புல்-அப்போடு சேர்த்துவிடலாம். இதில் மின்சேமிப்பும் இருக்கிறது. கால் தாழ்ந்திருக்கும்போது 10 கிலோ ஓம் வழியே 330 மைக்ரோஆம்பியர் ஓடும். போலாரிட்டியை மாற்றி வைத்தால் அது நாள் முழுக்க ஓடி, படி 2-இல் சேமித்ததெல்லாம் வீணாகும்.

ஒரு எச்சரிக்கை: அமைத்த உடனே குளிர் சிப்பின் கால் தாழ்ந்தே இருக்கும். 4 டிகிரிக்கு மேல் 4 அளவுகள் எடுத்த பிறகுதான் உயரும். அதனால் சென்சார்களை வெளியே வைத்து இயக்குங்கள். அறைச் சூட்டில் சூட்டு அலாரம் எப்படியும் அடிக்கும், ஃப்ரிட்ஜுக்குள் குளிர்ந்ததும் தானே நிற்கும்.

படி 5: தூக்கமும் விழிப்பும்

சேர்த்த வயரைப் புரோ மினியின் 2-ஆம் காலில் கொடுத்து, கால் தாழ்ந்தால் எழும்படி இன்டரப்ட் (நடப்பதை நிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் சிக்னல்) வைத்து, பவர்-டவுன் தூக்கத்தில் போடுங்கள். எழுந்ததும் பஸ்ஸர். இதற்கு நூலகம் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. நான்கே ரெஜிஸ்டர், நேரே எழுதினால் எந்த பிட் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

பின்சேர்க்கை: "அலாரம் வந்ததும் புரோகிராம் உறைந்துவிடுகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். கால் தாழ்ந்திருக்கும்வரை தாழ்நிலை இன்டரப்ட் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். இன்டரப்ட் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அதைக் கழற்றிவிட்டு, கால் உயர்ந்த பிறகு மறுபடி மாட்டுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் 25 டிகிரிக்குப் பதில் விசித்திரமான எண் வருகிறது என்றவர்களுக்கு: வேர்டாக (இரண்டு பைட்டையும் ஒரே எண்ணாக) படிக்கும்போது இரண்டு பைட்டும் இடம் மாறி வருகின்றன. மாற்றிப் போட்டு, 4 பிட் வலப்பக்கம் நகர்த்தி, 0.0625-ஆல் பெருக்குங்கள்.