கைநழுவிய பிடியை மீட்டுக்கொள்வது எப்படி?

மனம் தளர்ந்தவர்களிடம் பேசிப் பார்த்தால், காரணம் எதுவானாலும், பேச்சு சுற்றிவந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: "என் கையில் என்ன இருக்கிறது?" நான் ஒன்றைச் செய்தால் அதனால் ஏதோ ஒன்று மாறும் என்ற நம்பிக்கையையே உளவியலில் கட்டுப்பாட்டு உணர்வு என்கிறார்கள். பிறரை அடக்கி ஆளும் அதிகாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த உணர்வு தேயும்போது பதற்றமும் மனச்சோர்வும் எளிதில் குடியேறுகின்றன, உறக்கம் கெடுகிறது, செய்யக்கூடிய வேலையைக்கூடத் தொடங்க மனம் வருவதில்லை. அதை மன உறுதியால் வரவழைத்துவிட முடியாது. நம் செயலின் விளைவை நாமே கண்ணால் பார்க்கப் பார்க்கத்தான் அது திரும்பி வருகிறது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வழிகள் அனைத்தும் அதையொட்டியவையே.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. 1967இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து நடத்திய சோதனையில், மின்னதிர்ச்சியைத் தாமே நிறுத்த வழியிருந்த நாய்கள் பின்னர் வேறொரு பெட்டியில் தடுப்பைத் தாண்டித் தப்பின. அதே அளவு அதிர்ச்சியை நிறுத்த வழியின்றி அனுபவித்தவற்றில் பல, தப்பும் வழி திறந்திருந்தும் படுத்தே கிடந்தன. கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அன்று முடிவு செய்தார்கள். ஆனால் மூளையைப் பற்றிய பிற்கால ஆய்வுகளைக் கொண்டு அவர்களே 2016இல் அந்த முடிவைத் திருப்பி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தின்போது செயலற்றுப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடுதான். சோர்ந்து கிடப்பதற்காகத் தம்மையே நொந்துகொள்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். அது குணக்கேடு அன்று. செயலால் பலன் உண்டு என்பதற்கு மூளைக்கு இன்னும் போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவே.

முதலில், அழுத்தும் விஷயத்தை எடுத்துக்கொண்டு அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை ஒன்றின் முடிவுக்காக ஐந்து நாள் காத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முடிவு அவர் கையில் இல்லை. அதை எத்தனை முறை நினைத்தாலும் ஒரு புள்ளிகூட மாறப் போவதில்லை. ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், அன்று உடன் வரப்போகிறவர் யார், முந்தைய நாள் மாலையை எங்கே, யாருடன் கழிப்பது என்பவை அவர் கையில் உள்ளன. இவற்றை மனத்துக்குள் வைத்திருக்காமல் தாளில் எழுத வேண்டும். எழுதிய நான்கு வரிகளில் ஒன்றை அன்றைக்கே செய்து முடித்துக் கோடிட்டு அடித்துவிட்டால், மீதி நாட்களின் கனம் சற்றே குறையும்.

செய்யும் செயல் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். "நாளை முதல் வாழ்க்கையை மாற்றுகிறேன்" என்பது தோல்விக்கு நாள் குறிப்பது போன்றது. ஒருவரது தன்னம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று அவர் தாமே செய்து வென்ற அனுபவம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். அந்த வெற்றி சிறியதாக இருப்பதில் குறையில்லை, ஆனால் முடிந்ததாக இருக்க வேண்டும். ஆகவே "வேலை தேட வேண்டும்" என்று எழுதாதீர்கள். "காலை உணவு முடிந்து தட்டைக் கழுவியதும், விண்ணப்பத்தின் முதல் பத்தியை எழுதுவேன்" என்று எழுதுங்கள். எப்போது, எதையொட்டி, எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் மனத்தோடு வாதாட வேண்டியிருக்காது. இரவில் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது. இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மூளை தேடும் சான்று அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, வெளியேறும் வழி. 1960களின் இறுதியில் டேவிட் கிளாசும் ஜெரோம் சிங்கரும் சிலரை உரத்த இரைச்சலின் நடுவே வேலை செய்ய வைத்தார்கள். வேண்டுமானால் இரைச்சலை நிறுத்தலாம் என்று ஒரு பொத்தான் தரப்பட்டவர்கள், அதை அழுத்தாமலே இருந்தும், பின்னர் தரப்பட்ட, தீர்க்கவே முடியாத புதிர்களில் மற்றவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். நம் நாளிலும் இத்தகைய பொத்தான்களை அமைத்துக்கொள்ளலாம்: நெருக்கடியான கூட்டத்துக்குப் போகும் முன் "அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவேன்" என்று சொல்லிவைப்பது, பணிச்சுமையைக் குறைக்க முடியாவிட்டாலும் எந்த வேலையை முதலில் செய்வது என்பதையாவது நாமே முடிவு செய்யும் உரிமையை மேலதிகாரியிடம் கேட்டுப் பெறுவது.

பிடியைத் தேடுவது பிடிவாதமாக மாறும் ஆபத்தும் உண்டு. கைப்பேசியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதும், பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்ப்பதும், ஒரே கேள்வியை நான்கு பேரிடம் கேட்பதும் கட்டுப்பாடு போலத் தோன்றும். விளைவில் பதற்றத்துக்குத் தீனியாகும். கவலைக்கென்று மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலையைக் குறித்துவைத்து அந்த நேரத்துக்குத் தள்ளிவிடுவது பலருக்குப் பயன் தருகிறது.

வறுமை, வன்முறை, தீராத நோய் போன்றவற்றில் சிக்கியிருப்பவரிடம் "எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குத் தேவைப்படுவது முதலில் உதவி. உதவி கேட்பதும் தானே தேர்ந்து செய்யும் செயல்தான். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பிறரைப் பராமரிப்பவர்கள், அன்பின் பேரால் அவர்களது பிடியைப் பறித்துவிடுகிறார்கள். 1976இல் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தினரிடம் அன்றாட முடிவுகளையும் ஒரு செடியைப் பேணும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். எல்லாவற்றையும் பணியாளர்களே செய்துதந்த தளத்தினரைவிட அவர்கள் சில வாரங்களிலேயே உற்சாகமாகக் காணப்பட்டார்கள். இதைப் படித்த பின்னரே என் அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில் நான் செய்த தவறு புரிந்தது. மருந்து, குளியல், விளக்கு எல்லாவற்றையும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் காலையில், "அம்மா, ஜன்னலைத் திறக்கவா, மூடியே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பாதி திற" என்றார். நான் பாதி திறந்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார்.