பூட் கிழிந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டியதில்லை

திருமங்கலத்தில் என் ஷெட்டுக்கு வரும் ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் எதுவானாலும் முன்சக்கரத்தின் உட்புறத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ரிம்மில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பெரும்பாலும் வெளிப்பக்க பூட் கிழிந்திருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டுதான் ஆக்சில்; அதன் சக்கரப் பக்க முனையில், வண்டி திரும்பும்போதும் சுழல்கிற ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறைதான் இந்த பூட். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால் ஜாயின்ட்டே தேய்ந்துவிட்டது, பூட் மட்டும் போட்டுப் பயனில்லை. சத்தமில்லையா? பூட் கிட் போதும்: ரப்பர், கிளாம்ப், மாலிப்டினம் கிரீஸ்.

வண்டி தரையில் நிற்கும்போதே ஹப் நட்டை, அதாவது சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைப் பிடிக்கும் நட்டைத் தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். ஹப்பைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைக் கழற்றி ஹப்பை வெளியே இழுத்தால் ஆக்சில் முனை கைக்கு வரும். பழைய பூட்டை அறுத்துவிட்டு ஆக்சில் முனையிலுள்ள ஜாயின்ட்டைத் தட்டி எடுங்கள்.

அதை டீசலில் கழுவுவதில்தான் வேலையே இருக்கிறது. உள்ளே இரும்புக் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டைச் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு குண்டும் பளிச்சென்று தெரியும்வரை கழுவிக் காயவிடுங்கள். நம் ஊர்ப் புழுதி கொஞ்சம் தங்கினாலும் குண்டு ஓடும் தடம் தேயும். தடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த ஜாயின்ட் ஆகாது.

புது பூட்டையும் சின்ன கிளாம்பையும் முதலில் ஷாஃப்டில் கோத்துவிட்டு, அப்புறம் ஜாயின்ட். கிரீஸை அழுத்தி நிரப்பி, பூட்டின் ஓரத்தைத் தூக்கி உள்காற்றை வெளியேற்றியபின் கிளாம்பை இறுக்குங்கள். கிளாம்புக்குப் பதிலாக பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டவே வேண்டாம். ஹப் நட் மட்டும் புதிது போட்டு, அந்த வண்டிக்குச் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்குங்கள்.