மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?" பேட்டரி எவ்வளவு, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்று பேச வந்தவர்களுக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தெரியும். ஆனால் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்த பிறகு நம் பக்கத்தில் மின்சார வண்டிப் பேச்சு கூடியிருக்கிறது. பேச்சு கூடக் கூட, ஷோரூமுக்குப் போகும் முன் யோசிக்க வேண்டியதை வாங்கிய பிறகு யோசிப்பவர்களும் கூடுகிறார்கள்.

வீட்டில் பிளக் இல்லாமல் வாங்குவது

நம் மாவட்டத்தில் வீடு விளைக்குள், அதாவது தோப்புக்குள், இருக்கும். வாசல்வரை வரும் முடுக்கில் பைக் நுழையும், ஆட்டோ சில இடங்களில் நுழையும், கார் நுழையாது. கார் ரோட்டோரத்தில் நிற்கும், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வீடுகள் இன்னும் நெருக்கம். பெட்ரோல் காருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மின்சாரக் காருக்கு இதுதான் முதல் பிரச்சினை. ராத்திரி தூங்கும்போது வண்டி தானாகச் சார்ஜ் ஆவதில்தான் அதன் சௌகரியமும் சிக்கனமும் இருக்கின்றன. அது இல்லாமல் பொது சார்ஜரை மட்டும் நம்பினால், வாரத்தில் இரண்டு முறை எங்கேயாவது போய் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு காசும் கொடுக்க வேண்டும். கார் நிற்கும் இடத்தில் சொந்தமாக ஒரு பிளக் வைக்க வழியில்லாதவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார்.

பிளக் இருக்கிறது, சரி. எந்தப் பிளக்? வண்டியோடு வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் பவர் பிளக்கில் ஏறத்தாழ 3 கிலோவாட் இழுக்கும். கிரைண்டரும் ஹீட்டரும் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். இருபது வருடப் பழைய வயரிங், தளர்ந்துபோன சாக்கெட், ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இவற்றில் சூடு ஏறிப் பிளாஸ்டிக் உருகும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் ஆகியவை கண்டிப்பாக வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பல வண்டிகள் சார்ஜே ஏற்காது. வண்டியில்தான் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அலைபவர்கள் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே இடி எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. வானம் கறுத்தால் டிவி பிளக்கைக் கழற்றுகிற பழக்கம் காருக்கும் இருக்கட்டும்.

வேகமாக ஏற்ற 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்ட நினைத்தால், அதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பாருங்கள். ஒரு ஃபேஸ் வீட்டு இணைப்பு பெரும்பாலும் இதைத் தாங்காது. தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு இது தேவையும் இல்லை.

மின்கட்டணத்தைத் தப்பாகப் போடுவது

"கிலோமீட்டருக்கு ஐம்பது பைசாதான்" என்று ஒருவர் சொல்வார். "கரண்ட் பில் எகிறிவிடும்" என்று இன்னொருவர் பயமுறுத்துவார். இரண்டு பேரும் நம் ஊர்க் கட்டண முறையைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு கணக்கு, 500 தாண்டினால் கீழ்க் கட்டணப்படியில் கிடைத்த சலுகையும் கொஞ்சம் போய், மேலே உள்ள யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல் விழும்.

ஒரு உதாரணம். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது, பில் சுமார் 700 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் சின்னக் காருக்கு, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, 140 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 280. மொத்தம் 580 ஆகி, பில் 2,700 ரூபாயை ஒட்டி வரும். கூடுதல் 2,000 ரூபாய், ஓடியது 2,000 கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் குடிக்கும். ஏசி இரண்டு ஓடி ஏற்கெனவே 600 யூனிட் தாண்டும் வீடு என்றால் காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் மேல்படியில்தான் விழும். அப்போதும் பெட்ரோலைவிட லாபம்தான், ஆனால் அந்த வீட்டுக்காரர் மாடியில் சோலார் பற்றி யோசிக்கலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

மாதம் 300, 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் எரிபொருள் மிச்சத்தை நம்பி அதிக விலை கொடுத்து வாங்குவதும் தவறுதான். அந்த மிச்சம் விலை வித்தியாசத்தை அடைக்கப் பல வருடம் ஆகும்.

விளம்பரக் கிலோமீட்டரை நம்புவது

சோதனைக்கூடத்தில் ஓட்டி எடுத்த எண்தான் விளம்பரத்தில் இருக்கும். அந்தச் சோதனையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. நான்கு பேர், ஏசி, சாமான் என்று நிஜமாக ஓட்டும்போது அதில் 65, 70 சதவீதம் வந்தால் சந்தோஷப்படலாம். 300 என்று போட்டிருந்தால் 200 என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் பின்வாங்குகிறார்கள். அதுவும் தேவையில்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் ரோட்டை நினைத்துப் பாருங்கள். எப்போது முப்பதைத் தாண்டினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? நின்று நின்று போகும் இந்த ரோட்டில் பெட்ரோல் கார் மைலேஜ் செத்துப்போகும். மின்சாரக் கார் இங்கேதான் நன்றாக ஓடும். நிற்கும்போது மோட்டார் எதையும் தின்னாது, வேகம் குறைக்கும்போதெல்லாம் கொஞ்சம் சார்ஜ் பேட்டரிக்குத் திரும்பும். நாகர்கோவில்–திருவனந்தபுரம் போய்வர ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஏர்போர்ட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், மருந்து வாங்கவும் நம்மில் பலர் போய்வரும் தூரம் அது. சின்ன மின்சாரக் காரே வழியில் எங்கும் சார்ஜ் போடாமல் போய்வந்துவிடும். நம் மாவட்டத்துக்குள் எந்த மூலைக்கும் எந்த மூலையும் அதைவிடப் பக்கம்.

நான்கு வழிச்சாலையில் கதை மாறும். காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடாது, வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 80இல் போவதைவிட 100இல் போனால் காற்றை எதிர்க்கச் செலவாகும் சார்ஜ் ஒன்றரை மடங்குக்கு மேல். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று கணவாயில் நெருங்கி வீசும். திருநெல்வேலிக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளும், சார்ஜ் குறையாததைப் பார்த்து நாம் மகிழ்வோம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் போகும்போது செலவான சதவீதத்தை வைத்துத் திரும்பி வரும் கணக்கைப் போடாதீர்கள். இருபது சதவீதம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள், இல்லையென்றால் 70இல் ஓட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை போகும் பயணத்துக்காக வண்டி தேர்ந்தெடுப்பது

"எல்லாம் சரி, சென்னைக்குப் போக முடியுமா?" கேட்காத ஆள் கிடையாது. எத்தனை முறை போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கல்யாணத்துக்கு ஒருமுறை, பிள்ளையைக் கல்லூரியில் விட ஒருமுறை. அதற்காகச் சில லட்சம் கூடக் கொடுத்துப் பெரிய பேட்டரி வாங்கி, மீதி நாளெல்லாம் அந்தக் கனத்தை வடசேரிச் சந்தைக்குச் சுமந்து திரிவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயில்கள் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் வந்தே பாரத்தும் ஓடுகிறது.

காரில்தான் போக வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு இது. தூரம் சுமார் 700 கிலோமீட்டர். நிஜத்தில் 300 ஓடும் கார் என்றால் முதல் கட்டம் 240, மதுரை. அதன் பிறகு ஒவ்வொரு கட்டமும் 200 கிலோமீட்டர்தான், ஏனென்றால் வழியில் 10 சதவீதத்திலிருந்து 80 வரைதான் ஏற்றுவது புத்திசாலித்தனம். எண்பதுக்கு மேல் பேட்டரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபதை ஏற்ற, முதல் எழுபதுக்கு ஆன நேரமே ஆகலாம். அப்புறம் பெரம்பலூர்ப் பக்கம் ஒன்று, விழுப்புரம் தாண்டி ஒன்று. மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சாப்பாடும் டீயும் அதில் அடங்கிவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எப்படியும் இந்த நிறுத்தங்கள் இருக்கும். நிஜத்தில் 180 ஓடும் சின்னக் காரில் ஐந்து நிறுத்தமாவது வேண்டும். முடியும், ஆனால் நான் யாரையும் அதற்குத் தூண்ட மாட்டேன்.

வரைபடத்தில் தெரிவதெல்லாம் ஒரே மாதிரி சார்ஜர் இல்லை. கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே சார்ஜ் முனைகள் வைத்திருக்கிறது. ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் அருமையான ஏற்பாடு. காரை அங்கே கொண்டு நிறுத்தினால் பொழுது விடியும். காருக்கு வேண்டியது சிசிஎஸ்2 என்ற வகைப் பிளக் உள்ள, வேகமாக ஏற்றும் டிசி சார்ஜர். அதிலும் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் இரண்டு கன் (வண்டியில் மாட்டும் முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து சொருகியதும் பல இடங்களில் ஆளுக்கு 30 ஆகிவிடும். உங்கள் கார் 30 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது என்றால் 120 கிலோவாட் சார்ஜரைத் தேடிப் போவதிலும் பயனில்லை.

சார்ஜ் பூஜ்யத்தை நெருங்கும்வரை ஓட்டி, ஒரே சார்ஜரை நம்பிப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இயந்திரம் பழுதாக இருக்கலாம், அந்த ஊரில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையாக இருக்கலாம், சபரிமலைக் காலத்திலும் பொங்கல் விடுமுறையிலும் நான்கு வண்டி முன்னால் நிற்கலாம். 20 சதவீதம் இருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த சார்ஜர் எங்கே என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். வெவ்வேறு நிறுவனச் செயலிகளை வீட்டிலேயே இறக்கி, கொஞ்சம் பணமும் போட்டு வையுங்கள். நெட்வொர்க் கிடைக்காத பெட்ரோல் பங்கில் நின்று ஓடிபிக்காகக் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏற, நான்கு பேரோடு போகும் காருக்கு, ஏற்றத்துக்கு மட்டுமே 8 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 40 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் மேலே விடுதியில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் சார்ஜுக்குப் பேட்டரியில் இடமிருக்காது. வண்டியை மோட்டார் பிடித்து நிறுத்தாது, பிரேக் மட்டும் வேலை செய்து சூடாகும். மேலே 80 போதும்.

மழை, கடல்

"தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்குமா" என்ற பயம் வீண். மழையில் ஓட்டலாம், சார்ஜும் போடலாம், கன் மாட்டும் இடத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மறுபக்கம், பேட்டரிக்கு ஐபி67 சான்று இருக்கிறது என்று வெள்ளத்தில் இறக்குவதும் தப்பு. அந்தச் சான்று ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு மட்டும்தான். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ராத்திரி முழுக்க வண்டி மூழ்கிக் கிடந்தால், வற்றிய பிறகு ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் ஏறியிருந்தால் சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் சார்ஜ் மூடியையும் பிளக் பின்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். உப்புக்காற்று கதவுக் கீலையே விடுவதில்லை.

சின்ன விஷயங்கள், ஆனால் வழியில் நிறுத்திவிடும்

பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் உள்ளே ஒரு 12 வோல்ட் பேட்டரி செத்தால் கார் அசையாது. வெளிநாடு போகிற வீடுகளில் கார் மாதக்கணக்கில் நிற்கும். யாரையாவது பத்து நாளைக்கு ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். பெரிய பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டுப் போவது நல்லது, நிரப்பி வைத்துப் போவது நல்லதில்லை. வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், ஆகவே முழுதாகத் தூக்கி ஏற்றும் வண்டிதான் வர வேண்டும். சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலில் இருக்கிறதா, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஏற்றி அனுப்புவார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

முடுக்கு வீட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் நல்ல வழி. அதில் ஒரே எச்சரிக்கை: லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கும் வண்டிகள் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாதவை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றத்தில் இரண்டு பேரோடு அது திணறும்.

பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள். எட்டு வருட பேட்டரி உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் தொடருமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.