கப்பலிலிருந்து இறங்கி ரோமில் தங்கப் போகிறீர்களா? செய்யக் கூடாத சில தவறுகள்

கப்பல் பயணம் ஆளைக் கெடுத்துவிடும். யாரோ சமைக்கிறார்கள், யாரோ படுக்கை விரிக்கிறார்கள், நாளைக்கு என்னென்ன நடக்கும் என்று இன்று இரவே ஒரு தாளில் அச்சடித்து அறையில் வைத்துவிடுகிறார்கள். நானும் என் கணவரும் மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் இப்படிச் சுற்றிவிட்டு ரோமில் நான்கு இரவு தங்கினோம். முதல் நாள் ஹோட்டல் லிஃப்டில் ஏறியதும் இவர், “நம்ம டெக் எத்தனை?” என்று கேட்டார் (கப்பலில் மாடியை டெக் என்பார்கள்). அப்போது சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த நான்கு நாளில் நாங்கள் செய்த தவறுகளில் பாதி, கப்பலை விட்டு இறங்கியும் மனசு இறங்காததால் வந்தவை.

ரோம் துறைமுகம் ரோமில் இல்லை

பயணத் திட்டத்தில் “ரோம்” என்றுதான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கப்பல் உண்மையில் நிற்கும் ஊர் சிவிதவெக்கியா. டிராஜன் பேரரசர் காலத்தில், 1,900 ஆண்டுகளுக்கு முன்னால் அமைத்த துறைமுகம். அங்கிருந்து ரோம் நகருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் இறங்குகிறோம் என்று நினைத்துக் காஞ்சிபுரத்தில் இறங்குவது போலத்தான்.

இது தெரிந்தும் நாங்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டோம். எட்டு மணிக்கு இறங்கினால் பதினொன்றுக்குக் கொலோசியம் போய்விடலாம் என்று நேரம் குறித்த டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். நடந்தது வேறு. பெட்டியில் கட்டிய சீட்டின் நிறப்படிதான் ஆட்களை இறக்குவார்கள்; எங்கள் நிறத்தைக் கூப்பிடும் வரை காத்திருந்தோம். முனையத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே எங்கள் கறுப்புப் பெட்டியைத் தேடினோம் (எல்லோருடையதும் கறுப்பு). துறைமுகப் பேருந்து, ரயில் நிலையம், ஒரு மணி நேர ரயில், அங்கிருந்து ஹோட்டல். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, டிக்கெட் காசும் போயிற்று. இறங்கும் நாளில் நேரம் குறித்த எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அறையும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு முன்னால் கிடைக்காது. பெட்டியை மட்டும் ஹோட்டல் வரவேற்பில் போட்டுவிட்டுப் பக்கத்துத் தெருக்களில் சும்மா நடங்கள், அந்த நாளுக்கு அது போதும்.

கப்பலில் கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அது அடுத்த நாள் கரையில்தான் கண்ணில் படும். மாத்திரை, மறுநாள் உடுப்பு, சார்ஜர், பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து அறைக்காரர் செருப்பு முதற்கொண்டு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் கப்பல் கொடுத்த துணிச் செருப்போடு இத்தாலிய மண்ணை மிதித்தார். இன்னொன்று, சில கப்பல்களில் இந்தியப் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதை எப்போது, எங்கே திருப்பித் தருவார்கள் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

ரயிலில் போவதானால் இரண்டு விஷயம். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைச் செருகி நேரம் அச்சடிக்க வேண்டும். கையில் டிக்கெட் இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். அடுத்தது, எல்லோரும் இறங்குகிறார்களே என்று கடைசி நிலையமான தெர்மினி வரை போவது. அந்த ரயில் அதற்கு முன்பே சான் பியெத்ரோ, த்ராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே ஆகிய இடங்களில் நிற்கும். வத்திக்கான் பக்கம் அறை எடுத்தவர்கள் சான் பியெத்ரோவில் இறங்கினால் பாதி அலைச்சல் மிச்சம். பெரிய பெட்டிகள் இரண்டு, முழங்கால் வலி ஒன்று என்றால், முன்கூட்டியே விலை பேசிக் கார் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நான் அடுத்த முறை அதைத்தான் செய்வேன்.

விசாவைக் கப்பல் முடியும் தேதியோடு நிறுத்தாதீர்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. கப்பல் துருக்கியிலோ மாண்டினீக்ரோவிலோ நின்றுவிட்டு இத்தாலிக்குத் திரும்பினால், நீங்கள் ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒரு முறை நுழையும் விசா அதற்குப் போதாது, பல முறை நுழையும் விசா கேட்டு வாங்க வேண்டும். கிரீஸ் ஏற்கெனவே ஷெங்கன், குரோஷியாவும் 2023 ஜனவரியில் சேர்ந்துவிட்டது; அங்கே நின்றால் இந்தத் தொல்லை இல்லை. கப்பலுக்குப் பிறகு ரோமில் தங்கும் நாட்களும் விசாவிலும் காப்பீட்டிலும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி.

எட்டு மணி நேரத்தில் ஒரு ஊர் என்ற பழக்கம்

கப்பல் ஒரு ஊரில் காலையில் நிற்கும், மாலையில் கிளம்பிவிடும். அதற்குள் கோட்டை, கோயில், கடைத்தெரு எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்துப் பழகிவிடுகிறோம். ரோமிலும் அதே ஓட்டம். ஒரே நாளில் காலை கொலோசியம், மாலை வத்திக்கான் அருங்காட்சியகம் என்று போட்டிருந்த எங்கள் திட்டத்தைப் பார்த்து ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். அவர் புருவம் சொன்னது சரி. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் சிஸ்டைன் சிற்றாலயம் வரை போகவே கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபோது மைக்கேலாஞ்சலோ வரைந்த கூரையை நிமிர்ந்து பார்க்கக் கழுத்தில் தெம்பில்லை. ஒரு நாளுக்குப் பெரிய இடம் ஒன்று. அவ்வளவுதான்.

கொலோசிய டிக்கெட்டில் பார்வையாளர் பெயர் இருக்கும்; வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் நீளமாக விரிந்து கிடக்கும், டிக்கெட்டில் ஓரெழுத்து இனிஷியலைப் போட்டிருப்போம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். அதே டிக்கெட்டில் ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். தனியாக வாங்கி ஏமாறாதீர்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்றதும் ஓடாதீர்கள், ஊரே அங்கே நிற்கும். அதன் வாசலும் புனித பேதுரு பேராலயத்தின் வாசலும் வேறு வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மதில் சுவரைச் சுற்றிக் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். வெயிலில் தவறான வாசலில் நின்றுவிட்டு மறுபடி ஓடியவர்களை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. நீண்ட வரிசை பாதுகாப்புச் சோதனைக்கானது. “வரிசை இல்லாமல் உள்ளே” என்று கையைப் பிடித்து இழுப்பவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். புதன்கிழமை காலைகளில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி இருந்தால் பேராலயத்தைப் பிறகுதான் திறப்பார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலையோ சுடிதாரோ என்றால் கவலையே இல்லை. அரைக்கால் சட்டையில் வந்த கணவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

போர்கேசே காட்சியகத்துக்கு முன்பதிவு இல்லாமல் போவதும் வீண். இரண்டு மணி நேரத் தவணைகளாகத்தான் விடுவார்கள், திங்கட்கிழமை விடுமுறை. பெர்னினி தன் இருபதுகளில் செதுக்கிய, கிரேக்கப் புராணத்து டாஃப்னியின் சிலை அங்கேதான் இருக்கிறது. விரல் நுனியிலிருந்து இலை முளைத்து அவள் மரமாகிக்கொண்டிருக்கும் கணம். ரோமில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரமிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன், கொலோசியத்தை அல்ல. இவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

காசு கொடுத்தால்தான் நல்லது பார்க்கலாம் என்று நினைப்பதும் ஒரு தவறு. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு அருகில் சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி என்ற தேவாலயத்தில் கரவாஜியோவின் புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன, பார்க்கக் கட்டணமில்லை. விளக்கெரிய ஒரு நாணயம் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பல தேவாலயங்களைப் போல மதியத்தில் மூடிவிடுவார்கள். பாந்தியனுக்கு மட்டும் 2023 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அதுவும் இலவசம் என்று போகாதீர்கள்.

சாப்பாடு

கப்பலில் ஆறு மணிக்கே பஃபே திறந்திருக்கும். ரோமில் ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு தேடினால் கிடைப்பது, நினைவுச் சின்னத்துக்கு எதிரே, படம் போட்ட மெனுவோடு வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடைதான். முதல் இரவு அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தோம். விலையைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடங்கள் ஏழரை மணிக்கு மேல்தான் இரவுச் சமையலைத் தொடங்கும். அதுவரை தாங்காதென்றால், எடை போட்டு வெட்டித் தரும் பீட்சா கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கையால் அளவைக் காட்டினால் கத்தரித்துத் தருவார்கள்.

சைவக்காரர்கள் மெனுவில் கறி, மீன் என்ற சொல்லைத் தேடினால் போதாது. ரோமின் பேர்போன பாஸ்டாக்களில் கார்பொனாரா, அமத்ரிச்சானா, கிரிச்சா மூன்றிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. பூத்தனெஸ்காவிலும், கீரை மாதிரி அப்பாவியாகத் தோன்றும் புந்தரெல்லே சாலடிலும் நெத்திலி கரைந்திருக்கும். காச்சோ எ பெப்பே என்பது பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும்தான், நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் அந்தப் பெக்கோரினோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. அது ஆகாதவர்களுக்குத் தக்காளியும் மிளகாயும் போட்ட அர்ராபியாத்தா இருக்கிறது. மேலே பாலாடைக்கட்டி தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரினாரா பீட்சா என்ற பெயரைக் கேட்டு மீன் என்று பயந்தோம். அதில் தக்காளியும் பூண்டும்தான், மீனும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை. பெப்பரோனி என்று எழுதியிருந்தால் அது குடைமிளகாய். “லாத்தே” என்று மட்டும் கேட்டால் ஒரு டம்ளர் பால் வரும். காபி வேண்டுமென்றால் காபி என்று சொல்ல வேண்டும். அதையும் மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு செய்யாதீர்கள். நாசோனி என்று மூக்கு மாதிரிக் குழாய் வைத்த இரும்புத் தொட்டிகள் நகரில் 2,500 அளவில் இருக்கின்றன. குளிர்ந்த, நல்ல குடிநீர். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் வளைந்து பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒரு பள்ளிக்கூடப் பொடியன்.

கால் வலித்தால் எங்கேயும் உட்கார்ந்துவிடவும் முடியாது. ஸ்பானியப் படிக்கட்டில் உட்காருவதை 2019 ஆகஸ்டிலிருந்து தடை செய்திருக்கிறார்கள், அபராதம் 250 யூரோவிலிருந்து தொடங்கும். தெருக்களில் பதித்திருக்கும் சாம்பியெத்ரீனி என்ற கறுங்கற்கள் பெட்டிச் சக்கரத்தையும் மெல்லிய செருப்பையும் ஒரே நாளில் தின்றுவிடும்.

இருவராகப் போவதில் உள்ள சிக்கல்கள்

மெட்ரோவிலும் பேருந்திலும் வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். ஆனால் ஒரே அட்டையை இருவருக்கும் தட்ட முடியாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு அட்டையும் இவர் பர்ஸில், பர்ஸ் இவர் பின்பாக்கெட்டில். தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. நல்ல வேளை, எங்களுக்குப் போனது ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும். அன்றிலிருந்து அட்டையைப் பிரித்துக்கொண்டோம்: ஒன்று என்னிடம், ஒன்று இவரிடம். பாஸ்போர்ட்டையும் அப்படியே. ஒரு பை போனால் இருவரும் ஒன்றாகத் தவிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பிரித்திருக்க வேண்டும், மூன்றாம் நாள் மதியத்தை. இவருக்கு ஒஸ்தியா அந்திகா பார்க்க ஆசை, பழைய ரோமானியத் துறைமுக ஊரின் இடிபாடுகள். பிரமிதே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ரயிலில், நகரப் பேருந்துக்கு வாங்கும் சாதாரண டிக்கெட்டிலேயே போகலாம். எனக்கோ ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்தால் போதும். சேர்ந்தே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இடிபாட்டுக்கு நடுவே சண்டை போட்டுக்கொண்டு திரும்பினோம். ஒரு வாரம் ஒரு சின்னக் கப்பல் அறைக்குள் அடைந்து கிடந்த இருவர், அரை நாள் தனித்தனியாகச் சுற்றினால் குடி முழுகிவிடாது.

கிளம்பும் நாளுக்கு இரண்டு வார்த்தை. ரோமுக்கு விமான நிலையம் இரண்டு, ஃப்யுமிச்சீனோவும் சம்பீனோவும். டிக்கெட்டில் எது என்று பாருங்கள். தெர்மினியிலிருந்து ஃப்யுமிச்சீனோவுக்கு நேராகப் போகும் லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், 14 யூரோ. விலை குறைந்த உள்ளூர் ரயில் தெர்மினிக்கு வராது. த்ராஸ்தேவெரேயிலோ ஒஸ்தியென்சேயிலோ ஏற வேண்டும். ஹோட்டலில் கணக்கு முடிக்கும்போது, அறை வாடகை முன்பே கட்டியிருந்தாலும், ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். இவர் அந்த வரவேற்புப் பெண்மணியிடம், “கப்பலில் எல்லாம் சேர்த்துத்தானே வாங்கினார்கள்” என்று வாதாடத் தொடங்கினார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.