ஷேர் டிப்ஸ் உண்மையிலயே லாபமா? நோட்டு போட்டு பாக்குற வழி

எங்க மாமா மதுரை கீழமாசி வீதில மளிகை மொத்த வியாபாரம் பாக்குறாரு. டெலிகிராம்ல ஒரு குரூப்புக்கு வருசம் 12,000 ரூவா கட்டி ஷேர் டிப்ஸ் வாங்குறாரு. "மாப்ள, அஞ்சு கால் (இந்த ஷேரை வாங்குங்கிற டிப்ஸ்) குடுத்தாய்ங்க, அஞ்சும் ஏறிருச்சு, சராசரி 14 சதவீதம்"னு பொங்கலுக்கு வீட்டுக்குப் போனப்ப சொன்னாரு. புரோக்கர் அனுப்புன கான்ட்ராக்ட் நோட்டை (வாங்குன, வித்த கணக்குச் சீட்டு) எடுத்துப் பாத்தா அவரு வாங்குனது அஞ்சு இல்ல, எட்டு. மிச்ச மூணும் நஷ்டம், 22, 18, 30 சதவீதம், அந்த மூணு மெசேஜையும் குரூப்ல அழிச்சுட்டாய்ங்க. எட்டுலயும் பத்தாயிரம் பத்தாயிரமா போட்டிருந்தாரு, கூட்டிக் கழிச்சா 80,000 அப்படியே 80,000 தான், பீஸ் கட்டுனது தனியா போச்சு. மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு, அதான் இதை எழுதுறேன்.

முதல்ல, மெசேஜ் வந்த அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு எக்ஸெல் மாதிரி ஒரு ஷீட்ல தேதி, நேரம், அவங்க சொன்ன விலை, டார்கெட் (ஏறுனா விக்கச் சொன்ன விலை), ஸ்டாப்லாஸ் (இறங்குனா நஷ்டத்தோட வித்துட்டு வெளிய வரச் சொன்ன விலை) எல்லாம் எழுதிருங்க. அவங்க சொல்லி நீங்க வாங்காத டிப்ஸையும் எழுதணும். ஒண்ணு விட்டாலும் கணக்கு தப்பு.

அடுத்தது விலை, இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல விடியக்காலைல மல்லி விலை வேற, கொஞ்ச நேரம் கழிச்சுப் போனா வேற, ஷேரும் அப்படித்தான். 240க்கு வாங்குன்னு மெசேஜ் வருது, குரூப்ல எல்லாரும் ஒரே நேரத்துல பாய, நமக்குக் கிடைக்கிறது 252. டார்கெட் 270 வந்துருச்சுன்னா அவங்க கணக்குல 12.5 சதவீதம், நம்ம கணக்குல 7 சதவீதம் சொச்சம்தான். நமக்குக் கிடைச்ச விலையத்தான் எழுதணும்.

ஆனா அவங்களுக்கும் நியாயமா இருக்கணும்ல? விக்காம வச்சிருன்னு சொல்லியும் நாம பயந்து வித்திருந்தா அந்த நஷ்டம் அவங்க தலைல இல்ல. அதனால "அவங்க சொன்னபடி செஞ்சிருந்தா", "நான் செஞ்சது"ன்னு ஷீட்ல ரெண்டு தனித்தனி கட்டம் போடுங்க.

இப்ப முக்கியமான வேலை. நீங்க எந்தெந்த தேதில எவ்வளவு போட்டீங்களோ, அதே தேதில அதே பணத்தை ஒரு நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டுல (நாட்டோட 50 பெரிய கம்பெனி ஷேரை அப்படியே வாங்கி வைக்கிற மியூச்சுவல் ஃபண்டு) போட்டிருந்தா என்னாயிருக்கும்னு பாருங்க, பழைய என்ஏவி (ஃபண்டோட ஒரு யூனிட் விலை) ஃபண்டு கம்பெனிங்க சங்கமான ஆம்ஃபி சைட்லயே கிடைக்கும். டைரக்ட் க்ரோத் (ஏஜென்ட் கமிஷன் இல்லாம, லாபத்தைப் பிரிச்சுக் குடுக்காம உள்ளயே வைக்கிற வகை) எடுத்தா டிவிடெண்டும் (கம்பெனி தர்ற லாபப் பங்கு) செலவும் அதுக்குள்ளயே வந்துரும். ஃபண்டு கம்பெனிங்களையே 2018 பிப்ரவரிலருந்து டிவிடெண்டும் சேர்ந்த இன்டெக்ஸ் கணக்கான டிஆர்ஐ கூடத்தான் ஒப்பிடணும்னு ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி சொல்லிருச்சு, அதனால உங்க பக்கமும் வந்த டிவிடெண்டை விட்றாதீங்க. குரூப்ல குடுக்குறது பூரா ஸ்மால்கேப்னா (சின்ன கம்பெனி ஷேர்) ஸ்மால்கேப் 250 இன்டெக்ஸ் ஃபண்டு கூட பாக்கணும்.

ஷீட்ல போட்ட பணம் மைனஸ், எடுத்த பணம் ப்ளஸ், கடைசி வரில இன்னைய தேதிக்கு கைல உள்ள மதிப்பு ப்ளஸ். ஷீட்லயே இருக்குற எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) ஃபார்முலா போட்டா வருச வட்டி மாதிரி ஒரே நம்பர் வரும். ரெண்டு பக்கத்துக்கும் போட்டுப் பாருங்க. ஆனா பதினஞ்சு நாள்ல 7 சதவீதம் வந்த ஒரு டிப்ஸை மட்டும் இப்படி வருசத்துக்கு ஆக்கிப் பாக்காதீங்க, அது சும்மா பெருசா தெரியும்.

பீஸையும் மைனஸ்ல போடணும். 12,000ங்கிறது அஞ்சு லட்சம் போடுறவருக்கு 2.4 சதவீதம், 80,000 போட்ட மாமாவுக்கு 15 சதவீதம். எஸ்டிடிங்கிற ஷேர் பரிவர்த்தனை வரி வாங்குறப்ப 0.1 சதவீதம், விக்கிறப்ப 0.1 சதவீதம். ஒரு வருசத்துக்குள்ள வித்தா லாபத்துல 20 சதவீதம் வரி, 2024 ஜூலை 23லருந்து.

எத்தனை நாள் பாக்கணும்னு கேட்டா, ஏறுற காலமும் இறங்குற காலமும் ரெண்டும் வரணும். 2020 மார்ச் 23 அன்னைக்கு நிஃப்டி 7,610 புள்ளில முடிஞ்சுச்சு, 2021 கடைசில 17,354. அந்த நேரத்துல யார் எதைச் சொல்லியிருந்தாலும் பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும், அதை வச்சு ஒருத்தர மெச்சக்கூடாது.

மாமாவுக்கு போன்ல ஷீட்டு சரிப்படல. கடைல கடன் எழுதுற நீள நோட்டுலயே பின்பக்கம் கோடு போட்டுக் குடுத்திருக்கேன், வாராவாரம் ஞாயித்துக்கிழமை அதைப் பாத்து நான் ஏத்திருவேன்.