அடுத்தவர் குரலுக்குப் பாட்டெழுதப் போகிறீர்களா?

மற்றவர்கள் பாடுவதற்குப் பாட்டெழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பேனாவைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் காதைத் தீட்டச் சொல்வேன். பாடப்போகிறவரின் பழைய பாட்டு நாலைந்தைப் போட்டு, குரல் எங்கே திடமாக நிற்கிறது, எங்கே கீச்சிடுகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் பேசுவதையும் கவனியுங்கள். ஒரு பாடகி எதற்கெடுத்தாலும் 'சரி, விடு' என்பார். அதையே பல்லவியின் கடைசியில் வைத்தேன். தானே எழுதியது போலப் பாடினார்.

கூட்டாக எழுத உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் சொல்லே வேண்டாம். தயாரிப்பாளர் எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டை, லூப்பை, ஓடவிடுவார், நீங்கள் தத்தகாரத்தில் முனகுங்கள்: தானன தானன தன்னானே. போனில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும். யோசிக்காமல் வாய்க்கு வந்த மெட்டுதான் பெரும்பாலும் நிற்கும். பத்து நிமிடத்தில் மறந்தும் போகும். கூட இருப்பவர் சொன்ன வரி பிடிக்கவில்லையா? 'நல்லா இல்லை' என்று சொல்லாமல் வேறொன்றைப் பாடிக் காட்டுங்கள்.

சொல் போடும்போது குறில் நெடில் கவனம். ஒரு காதல் பாட்டில் 'என் மனம் போனது' என்று எழுதிவிட்டேன். மெட்டில் 'ம' விழுந்த இடம் நீளமான சுரம். டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, பாடியவர் இழுத்தார். 'என் மானம் போனது' என்று கேட்டது. அறையே சிரித்து உருண்டது. 'என் தூக்கம் போனது' என்று மாற்றினேன், உட்கார்ந்துகொண்டது. இழுக்கும் இடத்தில் நெடில் இருந்தால் பொருள் கெடாது. அதுவே உச்ச சுரமாக இருந்தால் 'தூ'வும் வேண்டாம், 'ஆ' ஒலி வரும் சொல்லைத் தேடுங்கள், தொண்டை திறக்கும்.

இனி பணப் பேச்சு. பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. இரண்டும் தனித்தனிச் சொத்து. பாட்டை அடையாளம் காட்ட ஐஎஸ்டபிள்யூசி (ISWC) எண், பதிவை அடையாளம் காட்ட எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) குறியீடு. எழுதுகிறவருக்குப் பங்கு முதலாவதில்தான். ஒரே பாட்டை மூன்று பேர் பாடிப் பதிவு செய்தால் ஐஎஸ்ஆர்சி மூன்று வரும், உங்கள் பாட்டின் எண் ஒன்றேதான்.

நான் முதன்முதலில் கூட்டாக எழுதியபோது அறையில் நாலு பேர். பங்கைப் பற்றி வாய் திறந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சம். 'அப்புறம் பேசிக்கலாம்' என்று கலைந்தோம். பாட்டு வெளியானபோது மூன்று பெயர்தான் இருந்தது. அன்றிலிருந்து கதவைத் தாண்டும் முன் ஸ்ப்ளிட் ஷீட், அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதும் தாள்: சட்டப்படியான பெயர்கள், சதவீதம் (கூட்டினால் 100 வர வேண்டும், 99-உம் 101-உம் பார்த்திருக்கிறேன்), ராயல்டி சங்கம் வழியாக எழுதுகிறவருக்குக் கிடைக்கும் அடையாள எண்ணான ஐபிஐ (IPI), தேதி, கையெழுத்து. என் வழக்கம் சமபங்கு. வரியை எண்ணிப் பிரித்தால் அடுத்த முறை ஒவ்வொருவரும் தன் வரிக்காக மல்லுக்கு நிற்பார்கள்.

பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தப்படி உரிமை பிறக்க அரசிடம் பதிவு தேவையில்லை. ஆனால் யார் எவ்வளவு எழுதினார் என்பதை அந்த ஒப்பந்தம் சொல்லாது, உங்கள் தாள்தான் சொல்லும். கூட்டாக எழுதிய பாட்டுக்குக் காப்புக் காலம் கடைசியாக இறப்பவரிடமிருந்துதான் எண்ணப்படும். குறைந்தது 50 ஆண்டு. பேரன் பேத்தி கையில் இருக்கப்போகும் தாள் என்பதால் கையெழுத்தாவது புரியும்படி இருக்கட்டும்.

டெமோவை அனுப்பியதும் 'ஹோல்ட் பண்ணி வையுங்கள், வேறு யாருக்கும் காட்டாதீர்கள்' என்பார்கள். சரி சொல்லுங்கள், ஆனால் தேதி போட்டு. தேதி தாண்டினால் அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் 'தூக்கம்' பாட்டு இரண்டு பேரிடம் தூங்கிவிட்டு மூன்றாவது குரலுக்குப் போனது. அவருக்காகச் சுருதியை ஒரு கட்டை இறக்கினோம்.