கூரையில் நடந்த பூச்சாண்டி

என் மகளுக்கு நாலரை வயது. நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் குளிர் தெரியும்தானே. அப்போதுதான் தொடங்கியது. படுத்ததும், "அம்மா, கூரையில பூச்சாண்டி நடக்குது" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். "ஒன்றும் இல்லை, தூங்கு" என்று எத்தனையோ தரம் சொன்னேன். அழுகை கூடியதுதான் மிச்சம்.

ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்துக் காது கொடுத்தேன். டக்... டக் டக். பிள்ளை பொய் சொல்லவில்லை! எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, தகரக் கூரை. பகல் வெயிலில் விரிந்த தகரம் இரவுக் குளிரில் சுருங்கும்போது வரும் சத்தம் அது. அவளை நம்பாமல் இருந்துவிட்டேனே என்று நெஞ்சு கனத்தது.

மறுநாள் பால்மா டின் மூடியை அவள் கையில் கொடுத்து, பெருவிரலால் அமுக்கச் சொன்னேன். டக்! கண்கள் விரிந்தன. திரும்பத் திரும்ப அமுக்கினாள். "கூரைத் தகரமும் குளிர்ல இப்படித்தான்" என்றேன்.

அப்புறம் சின்ன டோர்ச் ஒன்றை அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். சத்தம் கேட்டால் அவளே அடித்துப் பார்க்கலாம். சாப்பாடு ஊட்டும்போது பூச்சாண்டி வரும் என்று பயம் காட்டும் அப்பாயியிடமும் பக்குவமாகப் பேசினேன். இதுதான் கஷ்டமான வேலை, ஆனால் அவசியமானது.

இரண்டு வாரம் போயிருக்கும். டக் என்றது. டோர்ச்சை எடுக்கவில்லை. "தகரத்துக்குக் குளிருதும்மா" என்று சொல்லி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.